மழை மாறியதா, மழைமானி மாறியதா? பழைய வானிலைப் பதிவுகளைச் சோதிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் ஒரு தாலுகாவின் மழைக் கணக்கை எக்செல்லில் போட்டு எடுத்து வந்தார். ஒரு குறிப்பிட்ட ஆண்டிலிருந்து மழை கிட்டத்தட்ட சரிபாதியாகிவிட்டது. "காடு அழிஞ்சதுதான் சார் காரணம்" என்றார். பக்கத்துத் தாலுகாக்களின் கணக்கையும் வாங்கிப் பார்த்தோம். அங்கெல்லாம் மழை குறையவே இல்லை. காடு ஒரு தாலுகா எல்லையோடு நின்றுகொள்ளுமா என்ன?

சரிபாதி என்பதுதான் துப்பு. நம் ஊர் மழைமானிகள் இரண்டு அளவில் வருகின்றன: வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. உள்ளது ஒன்று, 100 சதுர செ.மீ. உள்ளது மற்றொன்று. பெரியதில் 1 மி.மீ. மழை என்றால் 20 மி.லி. தண்ணீர், சின்னதில் 10 மி.லி. இரண்டுக்கும் அளவுக் குவளை தனித்தனி. மானியை மாற்றிவிட்டுப் பழைய குவளையிலேயே ஊற்றி அளந்தால், அடுத்த நாளிலிருந்து ஊரில் பாதி மழைதான் "பெய்யும்". அங்கே நடந்தது அதுதான்.

உங்கள் கையில் ஐம்பது, எழுபது வருட மழைக் கணக்கோ வெப்பநிலைக் கணக்கோ இருந்து, அதை வைத்து ஏதாவது சொல்லப் போகிறீர்கள் என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். ஆய்வு மாணவர், பத்திரிகையாளர், விவசாய சங்கத்துக்காரர், யாராக இருந்தாலும் சரி. பெரிய கணிதம் வேண்டாம். எக்செல்லும் பொறுமையும் போதும், பொறுமை கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

படி 1: கேள்வி என்ன?

"ஆண்டு மழை குறைந்ததா?" என்பது ஒரு கேள்வி. "ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை கூடியதா?" என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதலாவதுக்கு மாதக் கணக்கு போதும், அங்கங்கே ஒரு நாள் விட்டுப்போனாலும் குடி முழுகாது. இரண்டாவதுக்கு ஒரே ஒரு நாள் விட்டுப்போனாலும் ஆபத்து. தமிழகக் கடற்கரையில் ஆண்டு மழையின் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில நாட்களில்தான் வந்து விழுகிறது. அளப்பவர் அலுவலகத்துக்கு வர முடியாமல் போவதும் அதே நாட்களில்தான்.

நகர வெப்பமும் இப்படித்தான். சென்னைவாசி இரவில் எவ்வளவு புழுங்குகிறார் என்பது உங்கள் கேள்வியானால், கான்கிரீட்டும் தாரும் சேர்த்த வெப்பம் பதிவில் இருக்கவே வேண்டும். உலகம் எவ்வளவு சூடாகிறது என்று கேட்டால் அதைத் தனியே பிரித்தாக வேண்டும். ஒரே எண் ஒரு கேள்விக்குச் சரியாகவும் இன்னொன்றுக்குத் தவறாகவும் இருக்கலாம்.

படி 2: மூலப் பதிவைத் தேடுங்கள்

இந்திய நிலையங்களின் தரவுக்குப் புனேயில் உள்ள வானிலைத் துறையின் தேசிய தரவு மையம்தான் முதல் வாசல். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா நடத்தும் உலகத் தினசரித் தொகுப்பில் நம் நிலையங்கள் சிலவும் உண்டு, அது இலவசம். தேயிலைத் தோட்டங்கள் தங்களுக்கென்று மழைப் பதிவேடு வைத்திருக்கும். கேட்டுப் பாருங்கள், சிலர் பெருமையோடு எடுத்துக் காட்டுவார்கள்.

வாங்கும்போதே கேட்க வேண்டியது: இது அப்படியே அளந்த எண்ணா, யாராவது திருத்தியதா? நோவாவின் மாதாந்திரத் தொகுப்பு திருத்தாத வடிவம், திருத்திய வடிவம் என்று இரண்டாகக் கிடைக்கிறது. தினசரித் தொகுப்பில் அப்பட்டமான பிழைகளுக்குக் குறியிட்டிருப்பார்கள், நிலையம் இடம் மாறியதற்கெல்லாம் திருத்தம் செய்திருக்க மாட்டார்கள். எது கிடைத்தாலும் அதன் ஒரு பிரதியைத் தொடாமல் பூட்டி வையுங்கள். வேலை எல்லாம் இன்னொரு பிரதியில்.

நாட்டைச் சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, சுற்றியுள்ள மானிகளை வைத்துக் கட்டத்துக்கு ஒரு சராசரி தரும் தரவும் உண்டு. அதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்திய வானிலைத் துறையின் கால் டிகிரிக் கட்ட மழைத் தரவு 1901 முதல் கிடைக்கிறது. அதற்குப் பின்னால் 6,955 மழைமானி நிலையங்கள் இருக்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அத்தனையும் எல்லா ஆண்டும் ஓடவில்லை. ஒரு கட்டத்துக்குள் 1930-இல் ஒரு மானியும் 1980-இல் ஐந்து மானியும் இருந்தால், கட்டத்தின் சராசரி குணமே மாறிவிடும். மானிகள் கூடும்போது சராசரியில் உச்ச மழை மழுங்கும், இடையில் மானிகள் நின்றுபோனால் உச்சம் மீண்டும் எகிறும். கனமழைப் போக்கைப் பார்க்கிறவர்கள் முழுக் காலமும் தொடர்ந்து ஓடிய நிலையங்களையே பிடித்துக்கொள்வது நல்லது.

படி 3: நிலையத்தின் ஜாதகத்தை எழுதுங்கள்

அதிக நேரம் போக வேண்டிய படி இது. பெரும்பாலோர் தாவிக் கடப்பதும் இதைத்தான்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வகம் எழுந்தது. நட்சத்திரம் பார்க்கக் கட்டியதுதான், ஆனால் 1796 முதல் வானிலையும் குறித்தார்கள், 1813 முதல் மழைக்கணக்கு இருக்கிறது. இந்திய வானிலைத் துறை பிறந்ததே 1875-இல்தான். பழைய கருங்கல் தூண் இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது. ஆனால் "இருநூறு வருடத் தரவு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது. கருவி, கொட்டகை, கடிகாரம், அலகு, சுற்றுப்புறம் எல்லாமே இதற்குள் பலமுறை மாறியிருக்கின்றன. நுங்கம்பாக்கத்துக் கணக்கோடு மீனம்பாக்கம் விமான நிலையத்துக் கணக்கை ஒட்டி ஒரே "சென்னை" ஆக்கிவிடுகிறவர்களும் உண்டு. கடலிலிருந்து இரண்டும் ஒரே தொலைவில் இல்லை. கடற்காற்று பிந்துகிற கோடை நாளில் அந்த வேறுபாடு வெப்பமானியில் தெரியும்.

ஒரு தாளில் ஐந்து விஷயங்களை ஆண்டு வாரியாக எழுதுங்கள்: இடம், கருவி, சுற்றுப்புறம், அளக்கும் நேரம், அளப்பவர்.

இடம் மாறுவது எப்போதும் பெரிய தொலைவுக்கு அல்ல. தாலுகா அலுவலக வளாகத்தின் முன்புறமிருந்து பின்புறத்துக்கு மானி போனாலே போதும், புதிதாகக் கட்டிய சுவர் காற்றையும் சாரலையும் மறைத்துவிடும். பக்கத்தில் உள்ள பொருளின் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி மானி இருக்க வேண்டும் என்பது பழைய விதி. விதி சுவருக்குத் தெரியும், வேப்பங்கன்றுக்குத் தெரியாது. நட்ட அன்று கன்று யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இருபது வருடத்தில் கிளை விரித்து, சத்தமில்லாமல் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மழையைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். வரைபடத்தில் இது திடீர் வெட்டாகத் தெரியாது, "மழை மெல்லக் குறைகிறது" என்றுதான் தெரியும். கண்டுபிடிக்க மிகவும் கடினமான பிழை இதுதான்.

கருவிக்கு அண்மை உதாரணம் டெல்லி. 2024 மே 29 அன்று முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் காட்டியது, நாடே பேசியது. வானிலைத் துறை ஆளனுப்பி, தரமான கருவியை அருகில் வைத்து ஒப்பிட்டபோது உணரி (சென்சார்) 3 டிகிரி கூட்டிச் சொன்னது தெரிந்தது.

அளப்பவருக்கு உதாரணம் லிபியா. அங்குள்ள அல் அசீசியாவில் 1922 செப்டம்பர் 13 அன்று 58 டிகிரி பதிவானது. தொண்ணூறு ஆண்டுகள் அதுதான் உலக சாதனை. 2012-இல் உலக வானிலை அமைப்பு அதை ரத்து செய்தது. பழக்கமில்லாத ஒருவர், அந்த வகை வெப்பமானியில் குறிமுள்ளின் தவறான முனையைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அதில் மட்டும் ஏழு டிகிரி போலக் கூடிவிடும்.

வெப்பமானி எதற்குள் இருந்தது என்றும் கேளுங்கள். இன்று நாம் பார்க்கும் வெள்ளை அடித்த, காற்றுப் புகும் சாய்சட்டங்கள் வைத்த மரப்பெட்டி, கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. அதற்கு முன் இந்திய நிலையங்களில் கூரை வேய்ந்த திறந்த கொட்டகைக்குள் வெப்பமானியைத் தொங்கவிட்டார்கள். இரண்டிலும் பகல் உச்சம் ஒன்றுபோல் இருக்காது.

இதெல்லாம் எங்கே கிடைக்கும்? ஆய்வு அறிக்கைகள், பதிவேட்டின் "குறிப்பு" பத்தி, ஓய்வுபெற்ற ஊழியர்கள். கடைசி வழிதான் எனக்குப் பிடித்தது. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால், எந்த வருடம் மானி ஓட்டையாக இருந்தது என்று எந்தக் கோப்பிலும் இல்லாத சேதியைச் சொல்வார்கள். ஆனால் ஞாபகத்தில் வருடம் முன்னே பின்னே போகும். எண்களோடு பொருத்திப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

படி 4: களை எடுப்பு

முதலில் வெற்றிடம். பதிவேட்டில் ஒரு நாள் காலியாக இருந்தால் மழை இல்லையா, அளக்கவில்லையா? வறண்ட மாதத்தில் காலியிடம் பெரும்பாலும் பூஜ்யம்தான். நவம்பரில் ஒரு வாரம் தொடர்ந்து காலி, பக்கத்து ஊரில் 200 மி.மீ. என்றால் அது பூஜ்யம் அல்ல, விடுபட்டது. இரண்டையும் எக்செல்லில் வெவ்வேறாகக் குறியுங்கள். 999.9, -9999 போன்ற எண்கள் "தகவல் இல்லை" என்பதற்கான குறிகள். அவற்றை மழையாகக் கூட்டியவர்களும் இருக்கிறார்கள், சிரிக்காதீர்கள், நானும் ஒருமுறை செய்திருக்கிறேன்.

அடுத்தது கிழமைச் சோதனை. முப்பது வருடப் பதிவில் மழை பதிவான நாட்களைக் கிழமை வாரியாக எண்ணுங்கள். வானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, ஏழு கிழமைக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வர வேண்டும். ஞாயிறு இளைத்தும் திங்கள் பருத்தும் இருந்தால், விடுமுறை நாளின் மழை மறுநாள் கணக்கில் ஏறியிருக்கிறது என்று பொருள். ஆண்டு மொத்தத்துக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. "ஒரு நாள் கனமழை" கணக்குக்கு அந்த நிலையம் ஆகாது.

கடைசி இலக்கத்தையும் எண்ணுங்கள். 0-வும் 5-ம் மட்டும் குவிந்திருந்தால் கண்ணளவில் முழுமையாக்கி எழுதியிருக்கிறார்கள். ஒரு மாதம் முழுக்க முந்தைய மாதத்தின் நகலாக இருப்பது, குறைந்தபட்ச வெப்பநிலை அதிகபட்சத்தை மிஞ்சுவது, பிப்ரவரி 30, இவை எல்லாம் வழியில் அகப்படும்.

அலகு ஒரு தனிக் கதை. பழைய பதிவேடுகளில் மழை அங்குலத்திலும் சென்ட்டிலும் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு 100 சென்ட், ஒரு சென்ட் 0.254 மி.மீ. வெப்பம் பாரன்ஹீட்டில். 1950-களின் பிற்பகுதியில் நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது, ஆனால் எல்லா அலுவலகமும் ஒரே நாள் காலையில் மாறிவிடவில்லை. அந்தச் சில வருடங்களை மாதம் மாதமாகப் பாருங்கள்.

மானி நிரம்பி வழிவதையும் கணக்கில் வையுங்கள். 200 சதுர செ.மீ. வாய்க்கு 2 லிட்டர் பாட்டில் வைத்திருந்தால் 100 மி.மீ.-இல் நிரம்பிவிடும், 4 லிட்டர் என்றால் 200 மி.மீ. ஒரு நிலையத்தின் பெருமழை நாட்கள் எல்லாம் சரியாக அதே எண்ணில் வந்து முட்டி நின்றால், நின்றது மழை அல்ல, பாட்டில்.

படி 5: எந்த நாள், எந்த மணி?

இந்தியாவில் மழை நாள் காலை 8.30-க்கு முடிகிறது. அப்போது அளப்பது முந்தைய 24 மணி நேர மழை, ஆனால் அளந்த நாளின் தேதியில் எழுதுவார்கள். 2015-இல் சென்னையை மூழ்கடித்த மழையை மக்கள் டிசம்பர் 1 மழை என்பார்கள். தாம்பரத்தின் 49 செ.மீ. பதிவேட்டில் டிசம்பர் 2-ஆம் தேதியில் இருக்கும். செயற்கைக்கோள் தரவோ ஏரியின் நீர்வரத்தோ நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கணக்கு வைத்திருந்தால், இரண்டையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடும்போது ஒரு நாள் பிசகும்.

கடிகாரமே மாறியதும் உண்டு. இந்தியத் திட்ட நேரம் 1906-இல் வந்தது. அதற்கு முன் சென்னைக்கு அதன் சொந்த நேரம், கிரீன்விச்சை விட 5 மணி 21 நிமிடம் முன்னே. 1942 முதல் 1945 வரை போருக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளினார்கள். இலங்கைத் தரவோடு வேலை செய்பவர்கள் 1996 முதல் 2006 வரையிலான காலத்தைக் கவனிக்க வேண்டும். அப்போது அங்கே நேரம் மாறி, பத்து வருடம் கழித்துத்தான் பழையபடி கிரீன்விச்சை விட ஐந்தரை மணி முன்னே என்ற நிலைக்கு வந்தது. வடக்கு, கிழக்கு நிலையங்களில் போர்க்கால விடுபடல்கள் வேறு.

அளக்கும் மணி மாறினால் என்ன ஆகும்? அமெரிக்கா இதில் பெரிய பாடம். அங்கே தன்னார்வலர்கள் பலர் முன்பு மாலையில் வெப்பமானியைப் பார்த்தார்கள், பிறகு மெல்ல மெல்லக் காலைக்கு மாறினார்கள். உச்ச வெப்பமானி, மீட்டமைத்த பிறகு கண்ட மிக அதிக வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். மாலை 5 மணிக்கு அதை மீட்டமைக்கும்போது 36 டிகிரி என்று வையுங்கள். மறுநாள் குளிர்ந்து உச்சம் 33-தான். ஆனால் கருவி முந்தைய மாலையின் 36-ஐத்தான் பிடித்து வைத்திருக்கும். ஒரே சூடு இரண்டு நாள் கணக்கில் ஏறுகிறது. காலையில் மீட்டமைத்தால் இதே கதை குளிருக்கு. ஆகவே மாலையிலிருந்து காலைக்கு மாறியதும் நாடு குளிர்ந்தது போல் ஒரு பொய்த் தோற்றம் வந்தது.

படி 6: பக்கத்து வீட்டைக் கேளுங்கள்

ஒரு நிலையத்தை அதன் எண்களை மட்டும் வைத்து விசாரிக்க முடியாது. சாட்சி வேண்டும். சுற்றுவட்டாரத்தில் மூன்று முதல் ஐந்து நிலையங்களைப் பிடியுங்கள். தூரத்தைவிட மழைக் குணம் முக்கியம். நீலகிரியில் தேவாலா தென்மேற்குப் பருவத்தில் நனையும், குன்னூர் வடகிழக்கில் நனையும். ஒரே மாவட்டம்தான், ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று சாட்சி சொல்ல முடியாது.

வெப்பநிலைக்கு: உங்கள் நிலையத்தின் ஆண்டுச் சராசரியிலிருந்து அண்டை நிலையங்களின் சராசரியைக் கழித்து வரையுங்கள். இருவருக்கும் பொதுவான கோடை, புயல், எல் நீனோ எல்லாம் கழித்தலில் மறைந்துவிடும். மிச்சம் ஒரு தட்டையான கோடாக இருக்க வேண்டும். படிக்கட்டு தெரிந்தால் ஏதோ மாறியிருக்கிறது, சாய்வு தெரிந்தால் நகரமோ மரமோ வளர்ந்திருக்கிறது.

மழைக்கு இரட்டைத் திரள் வரைகோடு என்ற பழைய முறையே போதும். அண்டை நிலையங்களின் சராசரி ஆண்டு மழையை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போய்க் கிடைமட்டத்தில் வையுங்கள். உங்கள் நிலையத்தின் மழையையும் அப்படியே கூட்டிச் செங்குத்தில் வையுங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் ஏறும். வறட்சி வந்தாலும் கோடு முறியாது, இரண்டு பக்கமும் சேர்ந்தே தளர்கிறதே. கோடு எந்த ஆண்டில் முறிகிறதோ அந்த ஆண்டைப் படி 3-இல் எழுதிய ஜாதகத்தில் தேடுங்கள். முதலில் சொன்ன மாணவரின் கோடு ஸ்கேல் வைத்து ஒடித்தது போல் முறிந்தது. சாய்வு முன்னே 0.98, பின்னே 0.5.

ஒன்றிரண்டு ஆண்டு விலகலை முறிவு என்று எடுக்காதீர்கள், ஐந்து ஆண்டாவது புதிய சாய்வு நிலைக்க வேண்டும். முறிவைக் கணிதமாகத் தேட அலெக்சாண்டர்சன் 1986-இல் தந்த சோதனை, பெட்டிட் 1979-இல் தந்த சோதனை எல்லாம் உண்டு, மென்பொருளே செய்துவிடும். அவை "இங்கே ஏதோ நடந்தது" என்று மட்டும் சொல்லும். என்ன நடந்தது என்று சொல்லாது.

இந்த முறைக்குக் கண் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. வலையமைப்பு முழுவதும் ஒரே காலத்தில் கருவி மாறினால் அண்டை வீடுகளும் சேர்ந்தே பொய் சொல்லும், கோடு முறியாது. பாதரசத்திலிருந்து மின்னணு உணரிக்கு மாறும் இந்தக் காலத்தில் இது நிஜமான கவலை. பழையதையும் புதியதையும் ஓரிரு வருடமாவது அருகருகே ஓடவிட்டு அளந்திருக்கிறார்களா என்று விசாரிப்பதுதான் ஒரே வழி.

படி 7: திருத்தலாமா?

திருத்தினால் "எண்ணை மாற்றிவிட்டார்கள்" என்று ஒரு கூட்டம் கிளம்பும். உலகத் தரவுக்கும் இதே குற்றச்சாட்டு உண்டு. மிகப் பெரிய திருத்தம் எங்கே நடந்தது தெரியுமா? கடலில். பழைய கப்பல்களில் கான்வாஸ் வாளியால் கடல்நீரை மொண்டு அளந்தார்கள். வாளி மேலே வருவதற்குள் நீர் ஆவியாகிக் குளிர்ந்துவிடும். பிறகு இயந்திர அறைக்குள் வரும் நீரை அளந்தார்கள், அது கொஞ்சம் கூடுதல் சூடு. இதைச் சரிசெய்ய பழைய எண்களை உயர்த்தினார்கள். விளைவு, நிலத்தையும் கடலையும் சேர்த்தால் திருத்தங்கள் நூற்றாண்டு வெப்ப உயர்வைக் குறைத்தே காட்டுகின்றன. சூட்டைக் கூட்டிக் காட்டத் திருத்துகிறார்கள் என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

நம் அளவில் என் கணக்கு இது. ஜாதகத்தில் காரணம் எழுதியிருக்கிறது, வரைகோட்டிலும் முறிவு தெரிகிறது, இரண்டும் பொருந்தினால் திருத்துங்கள். வரைகோட்டில் மட்டும் லேசாகத் தெரிந்தால் குறித்துவிட்டு விட்டுவிடுங்கள். மழையில் இந்தக் கஞ்சத்தனம் அவசியம், இயற்கையே அவ்வளவு தாறுமாறு.

இன்றைய நிலையத்தை அளவுகோலாக வைத்து முந்தைய பகுதியை அதற்கு ஏற்ப மாற்றுவது வழக்கம். வெப்பத்துக்குக் கூட்டல் கழித்தல், மழைக்குப் பெருக்கல். பிந்தைய பகுதிதான் பிழை என்று உறுதியானால், அந்தக் குவளைக் கதை போல, அதைத் திருத்துங்கள். பருவம் தோறும் தனியே கணக்கிடுங்கள். மாதச் சராசரிக்குக் கண்டுபிடித்த காரணியைத் தினசரி உச்சத்துக்குப் போட்டுப் புதிய சாதனைகளை உருவாக்காதீர்கள்.

படி 8: இப்போதுதான் போக்கு

"இயல்பைவிட 10 சதவீதம் அதிகம்" என்று படித்தால், எந்த இயல்பு என்று கேளுங்கள். இயல்பு என்பது பல பத்தாண்டுகளின் சராசரிதான். நாட்டின் தென்மேற்குப் பருவமழை இயல்பு 1951–2000 கணக்கில் 89 செ.மீ., 1961–2010-இல் 88, இப்போதைய 1971–2020-இல் 87. மழை ஒன்றே, அளவுகோல் நகர்ந்திருக்கிறது. நீண்டகால ஒப்பீட்டுக்கு ஓர் அடிப்படைக் காலத்தைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

போக்குக்குச் சாதாரண நேர்கோட்டைவிட, பிரணாப் குமார் சென் 1968-இல் விளக்கிய சரிவு முறை (இரண்டிரண்டு ஆண்டுகளாக எடுத்துக் கிடைக்கும் சரிவுகளில் நடு மதிப்பு) நல்லது, ஒரு வெள்ள ஆண்டு வந்து அதை இழுத்துவிடாது. பிறகு தொடக்கத்தையும் முடிவையும் ஐந்தைந்து வருடம் நகர்த்திப் பாருங்கள். சென்னையில் 2015 வெள்ளத்தில் முடிக்கும் கோடும் 2016 வறட்சியில் முடிக்கும் கோடும் எதிரெதிராகப் பேசினால், உங்களிடம் போக்கு இல்லை, கடைசி வருடம் மட்டும்தான் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை விடுபட்ட நாட்கள் உள்ள ஆண்டுகளை மொத்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 9: கோப்போடு ஒரு தாள்

முடிவை அனுப்பும்போது மூலப் பதிவு, திருத்திய பதிவு இரண்டும் போகட்டும், கூடவே ஒரு தாள். அந்த மாணவர் கடைசியில் எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: "மானி மாறிய மாதம் முதல் வாய்ப்பரப்பு 100 ச.செ.மீ., குவளை 200-க்கு உரியது. ஆதாரம்: நேரில் அளந்தது, ஓய்வுபெற்ற ஊழியர் கூறியது, நான்கு அண்டை நிலையங்களுடன் இரட்டைத் திரள் வரைகோடு. அம்மாதம் முதல் எல்லா மதிப்பும் 2-ஆல் பெருக்கப்பட்டது. விடுபட்ட நாட்கள் நிரப்பப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பதிவு ஐயத்துக்குரியது, ஒரு நாள் கனமழை ஆய்வுக்குப் பயன்படுத்த வேண்டாம். புதிய குவளை கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம், வரும் வரை இரட்டித்தே எழுதவும்."